இன்னும் கொஞ்சம் இடது பக்கம்

புதிதாகக் குடிவந்த வீட்டின் சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று வீட்டுக்கார அரபி சொல்லிவிட்டார். அதனால் பெயின்ட் வாளியில் சிமென்ட் குழைத்து, டிவி டிஷ்ஷின் காலை அதில் நட்டு, பால்கனியில் வைத்தான் இசக்கிராஜ். டிஷ்ஷைத் திருப்ப ஒருவர் இருந்தால், படம் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல இன்னொருவர் வேண்டுமே. ஊரிலிருந்த மனைவி முத்துச்செல்வியை வீடியோ காலில் அழைத்து, போனை டிவிக்கு எதிரே சாய்த்து வைத்தான். மற்ற நாட்களில் ‘சாப்ட்டீங்களா’, ‘சாப்ட்டேன்’ என்பதோடு அவர்கள் பேச்சு தீர்ந்துவிடும்.

“இப்ப தெரியுதா?”

“ஒண்ணுமே இல்லங்க. இன்னும் கொஞ்சம் இடது பக்கம்.”

“இப்ப?”

“கட்டம் கட்டமா உடையுது. ஐயோ, போயிட்டு! மெதுவாத் திருப்புங்கன்னா கேக்கீங்களா?”

திட்டினாள், சிரித்தாள், மறுபடி திட்டினாள். ஒரு மணி நேரம் போயிருந்தது. வியர்வையைத் துடைக்கத் திரும்பியவன், திறந்திருந்த கதவு வழியே உள்ளே பார்த்தான். சத்தத்தை அடக்கி வைத்திருந்த டிவியில் தமிழ்ச் செய்தி பிசிறே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னும் வரலங்க,” என்றாள் போனிலிருந்து. “லேசாத் திருப்பிப் பாருங்க.”

அவன் டிஷ்ஷிலிருந்து கையை எடுத்தான்.

“இப்ப தெரியுதா?”