அடிமைப்பட்டிருக்கவில்லை

மழை மூட்டத்தில் சாயங்கால வெளிச்சம் மங்குகிறது. வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் கற்பிப்பவர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை ஜன்னல் பக்கம் சாய்த்து, ஒரே வினைச்சொல்லின் மேல் விரலை வைத்திருக்கிறார். எதிரே அவர் தங்கை, புருஷன் விட்டுப்போனவள். அவள் மறுமணம் செய்யலாமா என்று நாளை சபை இவரைத்தான் கேட்கப்போகிறது.

“என்ன போட்டிருக்குண்ணா?”

“கிறிஸ்துவை நம்பாத புருஷன் பிரிஞ்சு போனா, மனைவி ‘அடிமைப்பட்டிருக்கலை’ன்னு இருக்கும்மா. அந்தக் கட்டு இப்ப இல்லைன்னு அர்த்தம்.”

“அப்ப கட்டிக்கலாமா?”

“அதை இந்தச் சொல் சொல்லலை.”

“நாளைக்கு நீங்க என்ன சொல்வீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கிறார். சுத்தமான பிறகும் துடைக்கிறார். ஜன்னல் கம்பியில் நீர் சொட்டுகிறது. அவள் எழுந்து விளக்கைப் போடுகிறாள்.

“புரிஞ்சிடுச்சுண்ணா. நாளைக்கும் இதையேதான் சொல்வீங்க.”

அவர் நிமிரவில்லை.