கலர் காய்

மொழிபெயர்ப்பில் காவியம் படிக்கிறவனை நான் ஆளாகவே மதிப்பதில்லை. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் எனக்கு, பச்சைச் சாயம் ஏற்றிய கலர் காயைத் தொட்டாலே தெரியும். மொழிபெயர்ப்பும் அந்த ரகம்தான்.

என் மச்சினன் ஜேசுதாஸ் ஒரு லத்தீன் காவியத்தைத் தமிழில் வாங்கிவந்து, என் கடையிலேயே உட்கார்ந்து படித்தான்.

"கலர் காயைத் திங்கிறியே மாப்ளே. என்னையப் பாரு. இலக்கணம் கிடையாது, அகராதி கிடையாது. அதே காவியத்த லத்தீன்லயே வாசிச்சுப் பாஷையக் கத்துக்கிறேன்" என்றேன்.

என் புத்தகம் மதுரையில் பழைய புத்தகக் கடையில் எடுத்தது. அட்டையும் முன்பக்கங்களும் இல்லை. எனக்கு எதற்கு அட்டை?

அவன் தங்கை லில்லி ரோமில் கன்னியாஸ்திரி. விடுமுறையில் வந்தவள் கடைக்குள் நுழைந்ததும், அவள் காதுபட உரக்க வாசித்தேன்.

"நல்லா வாசிக்கிறீங்க அத்தான். எங்க மடத்து வாசல்ல காய்கறி விக்கிறவரு பேசுற மாதிரியே இருக்கு."

"அங்க இன்னும் லத்தீனா பேசுறாங்க?"

"லத்தீனை யாரு பேசுறா? இது இத்தாலி பாஷை. லத்தீன் காவியத்தை இத்தாலியில மொழிபெயர்த்திருக்காங்க."

ஜேசுதாஸ் சிரிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னான்.

"நான் கலர் காய்னு தெரிஞ்சுதான் திங்கிறேன், அத்தான்."