ஆறாவது போல்ட்

ஐந்தாவது போல்ட்டும் 'டக்' என்றது.

குறித்து வைத்த இறுக்கம் வந்துவிட்டால் அந்த ஸ்பேனர் அப்படித்தான் சொல்லும். மெக்கானிக் அதை ஆறாவதில் மாட்டினான். மாட்டியபடியே நின்றான்.

"ஆச்சா மாப்ளே?"

அவன் திரும்பவில்லை. பின்னால் யாரும் இல்லை என்று தெரியும். மச்சான் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஆறாவதுக்கு வந்தால் தவறாமல் கேட்டுவிடுவார். உயிரோடு இருந்தபோது இவ்வளவு ஒழுங்காக வேலைக்கு வந்தவரில்லை.

எதிரே நிற்பது அந்த வீட்டில் கட்டிய இரண்டாவது விமானம். இன்ஜின் ஒரு பழைய காருடையது. ஏழு பேரைத் திணித்துக்கொண்டு கல்யாணம் கல்யாணமாகப் போய்க் களைத்த கார். அதன் மூக்கில் இப்போது ஒரு புரொபெல்லர். ஆறு போல்ட்டும் பிடித்திருக்கும்வரை அது விமானம். விட்டுவிட்டால் காரும் இல்லை, விமானமும் இல்லை.

முதல் விமானத்தில் விட்டுவிட்டது. மேலே போன பிறகு. உள்ளே மச்சான் இருந்தார்.

தேடியதில் ஐந்து போல்ட்டுகள் கிடைத்தன. விசாரிக்க வந்தவர்கள், 'ஆறாவதில் உலோகக் குறை இருந்திருக்கலாம்' என்று எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

மச்சான் வைத்த சட்டம் ஒன்று உண்டு. முறுக்கியவன் கோடு போடக் கூடாது. இவன் முறுக்குவான்; அவர் வேறொரு ஸ்பேனரால் இழுத்துப் பார்ப்பார். அசையாவிட்டால்தான் போல்ட்டின் தலைக்கும் புரொபெல்லரின் நடுப்பகுதிக்கும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு. பிறகு போல்ட் மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பெயிண்ட் எல்லாம் கிடையாது. அவர் தங்கை, மெக்கானிக்கின் மனைவி, பூசும் நெயில் பாலிஷ்தான்.

அன்று ஐந்து கோடு போட்டதும் பாட்டில் காலி.

"என் பிளேன் சாமானையெல்லாம் கால் விரல்ல பூசி வச்சிருக்கியே, நீ நல்லா இருப்பியா!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினார். உள்ளேயிருந்து தங்கை சிரித்தாள்.

மெக்கானிக் அப்போது அங்கே இல்லை. ஐந்தாவதை முடித்த கையோடு வாசலில் யாரோ ஹாரன் அடிக்க, பார்க்கப் போயிருந்தான். திரும்பி வந்தவன் நேராகப் போய், கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்து ஆணியில் மாட்டினான்.

"ஆச்சா மாப்ளே?"

"ஆச்சு மச்சான்."

"சரி. ஆறாவதுக்குக் கோடு வந்து போட்டுக்கறேன்."

வரவில்லை.

"ஏங்க, அதை முறுக்கப் போறீங்களா, இல்ல தாலாட்டப் போறீங்களா?"

மனைவி ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். இன்று ஓட்டப் போவது அவள். அண்ணன் சொல்லிக்கொடுத்த வித்தை.

அவன் முறுக்கினான். டக். கழற்றி மறுபடி முறுக்கினான். டக்.

அவள் அண்ணனின் ஸ்பேனரை எடுத்தாள். ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். ஆறும் அசையவில்லை. கோடு போடத் தன் பையைத் திறந்தவள், அவசரத்தில் அதைக் கவிழ்த்துவிட்டாள்.

நெயில் பாலிஷ் பாட்டில்கள். பத்துப் பன்னிரண்டு இருக்கும். சிமென்ட் தரையில் நாலா பக்கமும் உருண்டன. எல்லாம் அதே சிவப்பு. ஒன்றைக்கூடத் திறந்திருக்கவில்லை.

அவன் அவள் விரல்களைப் பார்த்தான். ஒரு வருஷமாக வெறும் நகங்கள். துக்கம் என்று நினைத்திருந்தான்.

அவள் குனிந்து பொறுக்கினாள். ஒன்றைத் திறந்து முதல் கோட்டைப் போட்டாள். கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"அன்னிக்கி ஒரு சொட்டு மிச்சம் வச்சிருந்தா, அண்ணன் ஆறாவதையும் இழுத்துப் பாத்திருப்பாரு. உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

ஆறாவதுக்குத் தாராளமாகப் போட்டாள். அது காய்வதற்காக, சின்னப் பிள்ளையின் காயத்தில் ஊதுவதுபோல ஊதினாள். பிறகு இறக்கையில் கால் வைத்தாள்.

அவன் பேசாமல் இருந்தால் போதும். ஒரு வருஷம் இருந்தவனுக்கு இன்னும் ஒரு நிமிஷம் பெரிய காரியமில்லை.

"ஆச்சா மாப்ளே?"

"ஏறாத," என்றான் மெக்கானிக்.

"ஏன்? ஆறும் இறுக்கமாத்தானே இருக்கு?"

"இன்னிக்கி இருக்கு."