பார்வையாளர் நேரம்

2019 அக்டோபர் 17, வியாழக்கிழமை. நெடுமரத்தூர் அரசு மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் மாலை நான்கிலிருந்து ஆறு.

மணி நான்கரை. வாசலில் வரிசை.

காவலாளி ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தார். பிளாஸ்க். இட்லிப் பொட்டலம். மாற்றுப் புடவை. பிரசவ வார்டுக்குப் போகிறவளிடம் உரித்த பூண்டு. எல்லாவற்றையும் விட்டார். ஒருவரிடமிருந்து பீடிக்கட்டை மட்டும் எடுத்து ஜன்னல் மேல் வைத்தார்.

அவன் முறை வந்தது. கையில் யூரியா சாக்கு. வாய் கயிற்றால் கட்டியிருந்தது.

"சாப்பாடா?"

"பாம்புங்க."

பின்னால் நின்றவர்கள் விலகினார்கள். ஒரு பெரியவர் மட்டும் நகரவில்லை. உயிரோடிருக்கிறதா என்று விசாரித்தார். தலை நசுங்கிவிட்டது என்று அவன் சொன்னான். அப்படியானால் வரிசையை எதற்கு விடுவது என்று அவர் ஓர் அடி முன்னால் வந்து நின்றுகொண்டார்.

காவலாளி அவனை ஓரமாக நிற்கச் சொன்னார்.

நோயாளியுடன் ஒருவர்தான் உள்ளே போகலாம். அவன் மனைவி பூங்காவனத்தைத் தாங்கிக்கொண்டு அவளுடைய தம்பி ஏகாம்பரம் முன்பே போயிருந்தான். மூவரும் ஒரே பைக்கில்தான் வந்தார்கள். நடுவில் அவள். வழியில் இரண்டு முறை துப்பினாள். வெற்றிலை போடுகிறவள் இல்லை. துப்பியது சிவப்பாக இருந்தது.

டாக்டரிடம் பாம்பைக் காட்ட வேண்டும் என்று அவன் மறுபடியும் சொன்னான். காட்டினால்தான் அவளுக்கு மருந்து கிடைக்கும் என்றான்.

காவலாளி அடுத்த பையைத் திறந்தார்.

சில வருடங்களுக்கு முன் அவன் அண்ணனைப் பாம்பு கடித்தது. வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. அங்கே எடுத்தவுடன் கேட்டார்கள்: என்ன பாம்பு? இருட்டில் யாரும் பார்த்திருக்கவில்லை. விடிவதற்குள் அண்ணன் போய்விட்டான். பேர் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். அவனும் சொன்னான்.

இன்று பிடுங்கிப் போட்ட கடலைக் கொடிக்குள் இருந்து கடித்தது. கடித்துவிட்டு வரப்பு வளைக்குள் போனது. அவன் கடப்பாரையை எடுத்தான். பக்கத்துக் கொல்லைக்காரர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள்.

அவள் கணுக்காலுக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு மோட்டார் கொட்டாய் நிழலில் உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை சொன்னாள்.

"அது போவட்டும். நாம போலாம்."

"பேர் தெரியாம இன்னா மருந்து குடுப்பாங்க?"

அவள் துண்டை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டாள்.

வளை நீளமாக இருந்தது.

கடைசியில் அதை வெளியே இழுத்துப் போட்டபோது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. கண்ணாடிவிரியன். இனி யார் கேட்டாலும் பதில் இருக்கிறது.

வாசல் சுவரில் ஒரு நீலப் பலகை. நின்ற இடத்திலிருந்தே அவன் அதைப் படித்தான். புறநோயாளிகள் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை. பிரசவம் எந்நேரமும். நாய்க்கடி ஊசி உண்டு. செருப்பை வெளியே விடவும். எச்சில் துப்பாதீர். அதற்குக் கீழே இருந்த வரிகளை ஒரு பைக் மறைத்திருந்தது.

நோயாளியைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் அந்த பைக்கை எடுத்தார்.

பாம்புக்கடிக்கு எந்நேரமும் சிகிச்சை. எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்து. பாம்பைத் தேட வேண்டாம். உடனே வரவும்.

அவன் அதை இரண்டாம் முறை படித்தான். சாக்கைத் தரையில் வைத்தான்.

உள்ளேயிருந்து டாக்டர் வந்தார். இளம் பெண். கையில் சிறிய கண்ணாடிக் குழாய். அதைச் சாய்த்தார். இந்நேரம் உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணீர் போல ஓடியது.

மருந்து ஏறுகிறது என்றார். பின்னால் வந்த ஏகாம்பரத்தைக் காட்டினார்.

"இவரு கடிச்சு அரை மணிதான் ஆச்சுன்றாரு. ரத்தத்தப் பாத்தா அப்பிடித் தெரியல. எப்பக் கடிச்சுது?"

ஏகாம்பரம் அவனைப் பார்த்தான். யாரும் மாமாவை ஏசிவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்லியிருந்தான். மாமா தலையாட்டினால் போதும்.

"மல்லாட்டை புடுங்கிட்டு கூழு குடிக்க ஒக்காந்தப்பம்மா. ஒரு மணி இருக்கும்."

"இவ்ளோ நேரம் எங்க இருந்தீங்க?"

அவன் சாக்கைப் பார்த்தான். டாக்டரும் பார்த்தார். அதைத் திறக்கச் சொல்லவில்லை. திரும்பி நடந்துகொண்டே, 108-ஐக் கூப்பிடுங்கள், மாவட்ட மருத்துவமனைக்கு இப்போதே போகட்டும் என்றார். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் இங்கே ஒன்றும் செய்ய முடியாது என்று நர்ஸ் ஏகாம்பரத்திடம் விளக்கினார்.

ஆம்புலன்ஸிலும் ஒருவர்தான் உடன் போகலாம். இந்த முறை அவன் ஏறினான்.

கதவு மூடும்போது பூங்காவனம் கண்ணைத் திறந்தாள். ஈறில் ரத்தம்.

"சாக்கு எங்க?"

எடுத்துக்கொண்டேன் என்று அவன் சொன்னான்.

ஆறு மணிக்குக் காவலாளி வாசலைச் சாத்தினார். சாக்கைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் புதைத்தார்.

திங்கட்கிழமை காலை பூங்காவனத்தை ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது ஒன்றுதான். என்ன பாம்பு?

அவன் கடித்த நேரத்தைச் சொன்னான். பிறகு, புறப்பட்ட நேரத்தைச் சொன்னான்.