மருமகளின் ஜாடி

"ஏம்மா, பெரியவருக்கு வெறும் கஞ்சி, உங்களுக்கு மட்டும் மிட்டாயா?"

ஆய்வு அதிகாரி கேட்டே விட்டாள். சாப்பாட்டோடு சேர்ந்து உடம்புக்குள் போகிற சாயமும் நஞ்சும் எவ்வளவு என்று வீடு வீடாகக் கணக்கெடுப்பது அவள் வேலை. நியாயம் கேட்பது வேலையில் சேராது. அது அவள் கூடவே பிறந்தது.

கணக்கெடுக்கும் முறை எளிது. வீட்டில் ஆளுக்கொரு ஜாடி. எதைச் சாப்பிட்டாலும் அதே அளவு இன்னொரு பங்கைத் தன் ஜாடியில் போட்டுவிட வேண்டும். மறுநாள் காலை ஜாடி ஆய்வுக்கூடத்துக்குப் போகும். ஆள் பொய் சொல்லலாம், ஜாடி சொல்லாது என்பது அவள் நம்பிக்கை.

அந்த வீட்டு மாமனாரின் ஜாடியில் கஞ்சியும் வேகவைத்த காயும்தான். ராத்திரிப் பங்கு அதிலும் பாதி. மருமகள் ஜாடியிலோ சோறு, முட்டை, மீன், அதற்கு மேல் செக்கச்செவேலென்று மிட்டாய்கள்.

மருமகள் அடுப்படி வாசலில் நின்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். ஜாடியைப் பார்த்தாள். நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனாரைப் பார்த்தாள். பேப்பர் அவர் முகத்துக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாகப் போயிற்று.

"எனக்கு மிட்டாய்னா உயிர் மேடம்," என்றாள்.

"நேத்து எடுத்துட்டுப் போன ஜாடியோட ரிசல்ட் வந்தாச்சு. இந்த மிட்டாய்ல சாயம் அளவுக்கு மேல இருக்கு. தினமும் தின்னா உடம்பு தாங்காது. உங்க பேருக்கு நேரா ஆபத்துன்னு எழுதியிருக்கேன்."

"சரிங்க மேடம்."

"வயசானவர் வாயைத் திறந்து கேக்க மாட்டார். நாமதான் பார்த்துக் குடுக்கணும்."

"தப்புதான் மேடம்."

"பெரியவரே, நீங்களாவது சொல்லக்கூடாதா?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து கம்மிய குரல் வந்தது. "என் மருமக தங்கம். அவளை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா."

மனுஷர் இப்படிப் பயந்து கிடக்கிறாரே என்று அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜாடிகளைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் படி இறங்கினாள்.

பாதிப் படியில் பின்னால் செருப்புச் சத்தம். மருமகள் கதவைச் சாத்திவிட்டு ஓடி வந்தாள்.

"மேடம், கணக்கை மாத்திக்குங்க. அந்த மிட்டாய் மாமா தின்னது."

"என்னம்மா சொல்றீங்க?"

"அவருக்குச் சர்க்கரை நோய். டாக்டர் இனிப்பே ஆகாதுன்னுட்டார். ஒளிச்சு வச்சுத் தின்றார். ஆனா தின்ன அளவு ஜாடியிலயும் போடணும்னு நீங்க சொல்லிட்டீங்கல்ல, போடாம இருக்க அவருக்கு மனசு கேக்கலை. அவர் ஜாடியில போட்டா மாட்டிக்குவார். அதான் நான் அந்தப் பக்கம் நகர்ந்ததும் என் ஜாடியில போட்டுடறார்."

அதிகாரி கையிலிருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"எவ்வளவு தின்றார்னு தெரியாம இத்தனை நாள் பயந்துக்கிட்டு இருந்தேன். இப்ப ஜாடியைப் பார்த்து ராத்திரிக் கஞ்சியைக் குறைச்சிடறேன்."

"இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே. என்கிட்ட அவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டீங்களே."

"சொன்னா கூனிக்குறுகிப் போயிடுவார் மேடம். அப்புறம் ஜாடியிலயும் போட மாட்டார்."

அதிகாரிக்குத் தன் வாயை நினைத்தே வெட்கமாக இருந்தது. பெட்டியைப் படியிலேயே இறக்கி வைத்தாள்.

"நான் என்னம்மா செய்யணும்?"

மருமகள் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"பார்க்க அதே மாதிரி, ஆனா அந்தச் சாயமும் சர்க்கரையும் இல்லாத மிட்டாய் எதுன்னு சொல்லுங்க. அவர் தலையணை உறைக்குள்ள நானே மாத்தி வச்சிடறேன். திருடித் தின்ற சந்தோஷமாவது அவருக்கு மிஞ்சட்டும்."