பத்மநாதன் அளந்த பனி

"கள்ளப் படம்," என்றார் பத்மநாதன். "அங்கை பனியே இல்லை."

கணவர் நீட்டிய கைபேசியை ஞானேஸ்வரி எட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பனிக்குள் ஓர் அடிமட்டம் குத்தி நின்றது. பதினொரு சென்டிமீட்டர்.

"பனி மாதிரித்தானே கிடக்கு."

"அந்த ஊர் ஸ்டேஷன் கமெராவைப் பார்த்தனான். புல்லு பச்சைப் பசேலெண்டு கிடக்கு. இஞ்சை போலை அங்கையும் மழைதான்."

சூரிச்சுக்குப் பக்கத்து அட்லிஸ்வில்லில் மூன்று கிழமையாக மழை விடவில்லை. 2023 பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியும் குளிரையும் காணோம், பனியையும் காணோம்.

பனிப் பைத்தியங்களுக்கென்று பத்மநாதன் தொடங்கிய வாட்ஸ்அப் குழு அது. சுவிஸ் முழுக்க முப்பது தமிழர். ஐந்து வருடமாக முதல் பனியை அளந்து போடுகிறவர் அவர்தான். பல்கனியில் அதற்கென்றே கருவிகள் வைத்திருந்தார். அவர் போட்டால் மறுபேச்சு இல்லை.

இந்தக் குளிர்காலத்தில் எல்லாம் மாறிப்போனது. எங்கடின் பள்ளத்தாக்கில் ஹோட்டல் சமையல்காரனாக இருக்கிற தவச்செல்வன் காலை தோறும் ஒரு பனிப்படம் போட்டான். கீழே இதயக்குறிகள் குவிந்தன. முதல் இதயம் எப்போதும் அவன் மனைவி புனிதவதியுடையது. அவள் நாட்டின் மறுகோடியில், நொஷாட்டலில் இருந்தாள். நேற்று ஒருவர், "இனி எங்களுக்குத் தவச்செல்வன்தான் தலைவர்" என்று எழுதிவிட்டார்.

அதற்குப் பிறகு பத்மநாதனுக்குச் சோறு இறங்கவில்லை.

"உங்களுக்கு எரியுது," என்றாள் ஞானேஸ்வரி.

"எரியிறதுக்கு என்ன கிடக்கு? பொய் பொய்தானே."

அன்றே குழுவில் எழுதினார். 'நாளைக்கு எங்கடினுக்குப் போறன். நேரை அளந்து படத்தோடை போடுறன்.'

சனிக்கிழமை விடிய ரயில் ஏறினார். நீண்ட சுரங்கத்தைத் தாண்டி மலை ரயில் வெளியே வந்தபோது கண்ணாடியெங்கும் மழை வழிந்தது. பனிக்காக ஏங்குகிற மனுசன், வாழ்க்கையில் முதல் தடவையாக மழையைப் பார்த்துச் சந்தோசப்பட்டார்.

தவச்செல்வன் வேலை செய்கிற ஹோட்டல் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. 'பனி இல்லாததால் மூடியுள்ளோம்.' அதை முதலில் படம் பிடித்துக்கொண்டார். எழுத்திலேயே சாட்சி.

தபால்காரப் பெண்ணிடம் தவச்செல்வனைப் பற்றி விசாரித்தார். அவள் ஊரின் ஐஸ் சறுக்கு மைதானத்தைக் கை காட்டினாள்.

மைதானத்துக்குப் பின்னால், மெஷின் சுரண்டிக் கொட்டிய ஐஸ் குவியல் ஒன்று. பக்கத்தில் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு தவச்செல்வன் நின்றான். ஐஸை அள்ளி ஒரு மர வாங்குப் பலகையில் பரப்பி, கையால் தடவிச் சமப்படுத்தி, அடிமட்டத்தைக் குத்தினான்.

பத்மநாதன் முழுவதையும் வீடியோ எடுத்தார். பிறகு கிட்டப் போனார்.

"என்ன தம்பி, நல்ல விளைச்சல் போலை?"

தவச்செல்வன் திரும்பினான். ஒளிக்கவில்லை. அடிமட்டத்தைத் துடைத்து ஜக்கெற்றுக்குள் வைத்தான்.

"வருவியள் எண்டு தெரியும் அண்ணை. நேற்றுக் குழுவிலை பார்த்தனான்."

"முப்பது பேரைப் பேய்க்காட்டியிருக்கிறீர்."

"முப்பது பேரை இல்லை அண்ணை. ஒராளைத்தான்."

பத்மநாதனுக்கு விளங்கவில்லை.

"புனிதாவுக்கு இது ஏழாம் மாசம். முந்தி ரெண்டு தரம் தங்கேல்லை. இப்ப பிரஷர் கூடி ஆஸ்பத்திரியிலை படுத்திருக்கிறா. மனசுக்குக் கவலை ஒண்டும் குடுக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். பனி இல்லாட்டி எனக்கு வேலை இல்லையெண்டு அவவுக்குத் தெரியும். ஹோட்டல் பூட்டி மூண்டு கிழமை அண்ணை. இஞ்சை கூலிக்கு ஐஸ் தள்ளிக்கொண்டு நிக்கிறன். அவவிட்டைப் போனால் கண்டுபிடிச்சிடுவா."

"அதுக்கு அவவுக்குத் தனிய அனுப்பலாமே. குழுவிலை ஏன்?"

"நான் தனிய அனுப்பினால் நம்பமாட்டா. பத்மநாதன் அண்ணை பார்க்கிற குழுவிலை ஒருத்தரும் பொய் போடேலாது எண்டு சொல்லுவா."

பத்மநாதன் குவியலைப் பார்த்தார். மழையில் அது ஓரத்தில் கரைந்துகொண்டிருந்தது.

"வாற மாசம் சூரிச்சிலை வேலை தொடங்குது," என்றான் தவச்செல்வன். "வேலை ஒப்பந்தத்திலை கையெழுத்து வைச்ச உடனை நானே அவவுக்குச் சொல்லுவன். ஆனால் நீங்கள் எடுத்த வீடியோவைப் போடுறதெண்டால் போடுங்கோ. உங்களிலை பிழை சொல்லமாட்டன்."

பத்மநாதன் கைபேசியைப் பைக்குள் போட்டார். ஸ்டேஷனை நோக்கி நடந்தார்.

ரயில் புறப்பட்டதும் கைபேசி அடங்கவில்லை.

'அண்ணை, அளந்தாச்சோ?'

'படம் எங்கை?'

'ஆள் பிடிபட்டானோ?'

வீடியோவைத் திறந்தார். மழையில் குனிந்து நின்று ஐஸைத் தடவுகிற கை. இரண்டு தடவை பார்த்தார். இதைப் போட்டால் இன்றைக்கே பழைய இடம் திரும்பக் கிடைக்கும். விரல் அனுப்பும் பொத்தானுக்குக் கிட்டவே நின்றது.

அப்போது புனிதவதி எழுதினாள்.

'அண்ணை, இவரைக் கண்டனீங்களோ? அங்கை உண்மையாவே பனிதானோ? இஞ்சை ஜன்னலுக்கு வெளியாலை ஒரே மழை. பயமாக் கிடக்கு.'

பத்மநாதன் வீடியோவை அழித்தார். கண்ணாடியில் ஓடுகிற மழையைப் பார்த்தபடி எழுதினார்:

'ஓம் பிள்ளை, நல்ல பனி. தவச்செல்வன் பதினொண்டு எண்டு போட்டது பிழை. நான் அளக்கேக்கை பதின்மூண்டு.'