வைக்கோல் கேட்ட கேள்வி

விதைக்காகவே வளர்த்த வேலிமசால் என்ற தீவனச் செடியின் காலடியில், மண்ணின் ஈரம் காயாதபடி வைக்கோல் மூடாக்காகப் படுத்திருந்தது. செடி ஈரத்தைக் குடித்துக் குடித்து இலையாகவே விட்டது.

"விதை வைக்கலேன்னா உன்னை உழுதுடுவாங்கடி!" என்றது வைக்கோல்.

"என்ன அவசரம்? குளுகுளுன்னு இருக்கு" என்றது செடி.

பயந்துபோன வைக்கோல், அந்தப் பக்கம் வந்த வெள்ளாட்டுக் கிடாவைக் கூப்பிட்டது. "அண்ணே, என்னைத் தின்னுடுங்க. மண்ணு காஞ்சாத்தான் இவ பூப்பா. இவளை மட்டும் தொடாதீங்க."

கிடா துரும்பு விடாமல் தின்றது. வெயில் மண்ணில் இறங்கியதும், "ஐயோ, செத்துடுவேன் போலிருக்கே!" என்று செடி அலறியடித்து மொட்டு விட்டது.

கிடா வேலியோரம் படுத்து அசைபோட்டது. வைக்கோல் வாய்க்குத் திரும்பி வந்து, "பூத்துட்டாளா?" என்று கேட்டது.

"மொட்டுதான். உள்ளே போ" என்று விழுங்கியது கிடா.

பயந்த செடி அவசர அவசரமாகப் பூத்து முடித்தபோது வைக்கோல் மறுபடியும் வந்தது. "இப்ப?"

"காயே பிடிச்சாச்சு. விதையெல்லாம் கெட்டியா இருக்கு."

"அப்பச் சரி" என்று வைக்கோல் தானாகவே தொண்டைக்குள் இறங்கிப் போனது.